லண்டன் பிள்ளைகள் திருகோணமலைக்கு வரும்போது ஹெபடைடிஸ் ஏ ஊசி தேவையா?

கேள்வி இதுதான். லண்டனில் இருக்கும் ஒரு தங்கச்சி ஓகஸ்ட் லீவுக்கு நான்கு கிழமை திருகோணமலை அம்மா வீட்டுக்கு வருகிறார். பிள்ளைகள் இருவர், ஒன்பது வயதும் மூன்று வயதும், இருவரும் லண்டனில் பிறந்தவர்கள். கணவர் நான்கு வயதிலேயே அங்கே போனவர், இப்போது 44. தங்கச்சி உவர்மலையில் பிறந்து 21 வயது வரை இங்கேயே இருந்தவர். அங்குள்ள டொக்டர் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போட்டுக்கொண்டு போகச் சொல்கிறார். அம்மாவோ போனில், "நீங்கள் எல்லாரும் இந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சுத்தானே வளந்தனீங்கள், இப்ப என்ன புதுசா ஊசி?" என்கிறா. புறப்பட மூன்று கிழமைதான் இருக்கிறது. யாருக்குத் தேவை, இனிப் போட்டுப் பயன் உண்டா என்று கேட்கிறார்.

தங்கச்சி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இருவருக்கும் போடுங்கள். கணவருக்குக் கட்டாயம் போடுங்கள். உங்கள் வீட்டில் எனக்கு அதிகம் யோசனை அவரைப் பற்றித்தான். உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது, ஆனாலும் போட்டுக்கொள்வதில் நட்டம் இல்லை. அம்மாவுக்கு வேண்டாம். மூன்று கிழமை தாராளமாகப் போதும்.

நான் இந்த மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிணறுகளுக்குக் குளோரின் போடுவது, சாப்பாட்டுக் கடைகளின் குசினிக்குள் போய்ப் பார்ப்பது, செங்கமாரி வந்த வீடுகளின் படலையைத் தட்டி விசாரிப்பது என்று காலம் போனது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால்தான் டொக்டர் சொல்வதும் விளங்கும். ஹெபடைடிஸ் ஏ ஒரு வைரஸ். தொற்றியவரின் மலத்தோடு வெளியே வந்து, தண்ணீர், சாப்பாடு, கழுவாத கை என்று ஏதாவது ஒரு வழியில் இன்னொருவரின் வாய்க்குள் போகிறது. அங்கிருந்து ஈரலுக்குப் போய்ப் பெருகுகிறது. நாங்கள் செங்கமாரி என்றும் தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை என்றும் சொல்வது வேறு பல காரணங்களாலும் வரும். ஆனால் ஒரே தெருவில், ஒரே விடுதியில் பத்துப் பேருக்குச் சேர்த்து வந்தால் முதல் சந்தேகம் இந்தக் கிருமி மேல்தான்.

இது ஆளின் வயதைப் பார்த்து அடிக்கிற கிருமி. ஆறு வயதுக்குக் கீழே தொற்றினால் பத்தில் ஏழு பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு நாள் சோர்வு, கொஞ்சம் வயிற்றோட்டம், அவ்வளவோடு போய்விடும். வயது வந்தவருக்குத் தொற்றினால் கதை தலைகீழ்: பத்தில் ஏழு பேருக்கு மேல் கண் மஞ்சளாகும், கிழமைக் கணக்கில் எழும்ப முடியாது. ஐம்பதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இறந்தும் போகிறார்கள். ஒருமுறை வந்து போனால் ஆயுளுக்கும் திரும்ப வராது. ஹெபடைடிஸ் பி மாதிரி உடம்புக்குள் தங்கியிருந்து வருஷக்கணக்கில் ஈரலை அரிக்கவும் மாட்டாது.

இப்போது அம்மாவின் கதைக்கு வாருங்கள். அம்மாவின் காலத்தில் வளவுக்கு ஒரு கிணறு, அதற்குச் சற்றுத் தள்ளி மலசலகூடம். அனேகமாக எல்லாரும் சின்ன வயதிலேயே இந்தக் கிருமியை விழுங்கி, யாருக்கும் தெரியாமல் கடந்து வந்தவர்கள். "எங்களுக்கு ஒண்டும் வரேல்லை" என்று அவர்கள் சொல்வது அதனால்தான். வந்தது, வந்ததே தெரியாமல் போனது. நீங்களும் அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர். உங்கள் கணவர் ஊர்க்காரர்தான், பெயரும் பேச்சும் ஊர்தான், ஆனால் நான்கு வயதுக்குப் பிறகு அவர் குடித்தது லண்டன் குழாய்த் தண்ணீர். அவருடைய ஈரலைப் பொறுத்தவரை அவர் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி.

சொந்த ஊருக்குப் போகிறவர்கள்தான் சுற்றுலாப் பயணிகளைவிட அதிகமாக இந்த நோய்க்கு ஆளாகிறார்கள் என்பது பயண மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். காரணம் சாதாரணமானது. நிலாவெளியில் ஹோட்டலில் நிற்கும் வெளிநாட்டுக்காரர் போத்தல் தண்ணீர் குடித்து, ஹோட்டலில் சாப்பிட்டு, ஒரு கிழமையில் போய்விடுவார். நீங்கள் நான்கு கிழமை நிற்பீர்கள், பெரியம்மா வீடு, மாமி வீடு, கோயில், கலியாண வீடு என்று ஒரு நாளைக்கு மூன்று வீடு ஏறுவீர்கள். ஒரு வீட்டில் கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களால் முடியாது.

நான் வேலையில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நகரத்துக்குச் சற்று வெளியே ஒரு சாமத்தியவீடு. மே மாதம், நல்ல வெயில். பந்தலுக்குப் பின்னால் பெரிய அலுமினியப் பேசினில் தேசிக்காய்ச் சர்பத் கரைத்திருக்கிறார்கள். கரைத்த தம்பி நல்ல பிள்ளை, சுறுசுறுப்பானவன். சீனி அடியில் நிற்கிறது என்று முழங்கை வரை கையை விட்டுக் கலக்கியிருக்கிறான். ஐஸ் மீன் வாடியில் இருந்து சாக்கில் வந்த கட்டி, முற்றத்துச் சீமெந்தில் போட்டு உடைத்தது. அன்றைக்கு அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொஞ்சம் அலுப்பாக இருந்ததாகப் பிறகு சொன்னான். பத்து நாள் கழித்து அவனுடைய கண் மஞ்சளாகியது.

அதற்குப் பிறகு மூன்று கிழமையில் மற்றவர்கள் விழத் தொடங்கினார்கள். நான் வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, சாப்பிட்டது, குடித்தது என்று எழுதி வந்தேன். ஊரில் விழுந்தவர்கள் எல்லாரும் பதினைந்து முதல் முப்பது வயதுக்காரர்கள். அதே பேசினில் அள்ளிக் குடித்த கிழவிகள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் இருந்து வந்திருந்த பெண்பிள்ளையின் சித்தப்பாவுக்கும் அவருடைய பதினேழு வயது மகனுக்கும் ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு வந்தது. அந்தப் பையன் ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை என்று தாய் போனில் அழுதா. சர்பத் கரைத்தவனை யாரும் குற்றம் சொல்ல முடியாது. இந்த நோயில் கண் மஞ்சளாவதற்கு முந்தின ஒன்றிரண்டு கிழமைதான் கிருமி மலத்தில் அதிகமாகப் போகும் காலம். தனக்கு நோய் என்று ஆளுக்கே தெரியாத நாட்கள் அவை.

உங்கள் மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றியும் இதே கணக்கில்தான் யோசிக்க வேண்டும். அவளுக்குத் தொற்றினால் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் அவளுடைய நப்பியை மாற்றும் தகப்பனுக்கும், நர்சரியில் அவளோடு விளையாடும் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கும் அவள் கொடுத்துவிடுவாள். சின்னப் பிள்ளைக்கு ஊசி போடுவது வீட்டுப் பெரியவர்களுக்காகவும்தான்.

இங்கே இருக்கிற இளம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. கந்தளாயில் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அம்மாக்களின் எதிர்ப்புச் சக்தி இல்லை. அது நல்ல செய்திதான், ஆனால் பெரிய வயதில் தொற்றினால் படுக்க வைக்கும். சனம் நெருக்கி இருக்கும் இடத்தில் தண்ணீரும் மலசலகூடமும் கெட்டால் என்ன நடக்கும் என்பதை 2009இல் வவுனியா மெனிக் பாமில் போரால் இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களில் பார்த்தோம், அங்கேயும் இதே நோய் பரவியது.

சரி, ஊசி. இது செத்த வைரஸில் செய்த மருந்து. அதனால் ஊசியால் நோய் வராது. புயத்தில் போடுவார்கள். கை ஒரு நாள் நோகும், சிலருக்கு இலேசான காய்ச்சல், தலையிடி. ஒரு வயது நிரம்பிய பிள்ளையில் இருந்து போடலாம். முதல் ஊசி போட்டு இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் அனேகமாக எல்லாருக்கும் பாதுகாப்பு வந்துவிடும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல். அந்த ஒரு ஊசி ஒரு வருஷத்துக்காவது காக்கும். ஆறு மாதத்தில் இருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. அதைப் போட்டால் இருபத்தைந்து வருஷத்துக்குக் குறையாமல் நிற்கும். இரண்டாவது பிந்திப் போனாலும் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, நினைவு வந்த அன்றைக்குப் போடலாம்.

"மூன்று கிழமைதானே இருக்கிறது" என்ற கவலை வேண்டாம். புறப்படும் நாளில் போட்டாலும் பயன் உண்டு. கிருமி உள்ளே போய் நோயாக வெளிப்பட இரண்டு முதல் ஏழு கிழமை எடுக்கும், சராசரியாக 28 நாள். ஊசி அதற்கு முன்னே ஓடிப்போய் நிற்கும் வேகம் உடையது. தொற்றியவரோடு ஒரே வீட்டில் இருந்தவருக்குக்கூட இரண்டு கிழமைக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க முடிகிறது என்பதே இதற்குச் சாட்சி.

பிரிட்டனில் இந்த ஊசி பிள்ளைகளின் வழக்கமான அட்டவணையில் இல்லை, ஆனால் பயணத்துக்கு உங்கள் குடும்ப டொக்டர் (ஜீ.பி.) மூலம் அரசாங்க மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இலவசமாகவே போடும். டைபாய்ட் ஊசியும் அப்படித்தான். கேட்காமல் விட்டுவிட்டுத் தனியார் கிளினிக்கில் காசு கட்டுபவர்கள் நிறையப் பேர். இன்றைக்கே போன் பண்ணி நேரம் எடுங்கள். அமெரிக்காவில் 2006இல் இருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் போடுகிறார்கள், அங்கிருந்து வருபவர்கள் பிள்ளையின் கார்டைப் பார்த்தால் போதும். இலங்கையில் அரசாங்கத்தின் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, தனியாரில்தான் காசு கொடுத்துப் போட வேண்டும். ஆகவே இங்கே வந்து பார்ப்போம் என்று விட வேண்டாம்.

பெயரில் குழம்ப வேண்டாம். "பிள்ளைக்கு ஹெபடைடிஸ் ஊசி ஏற்கெனவே போட்டாச்சு" என்று பல தாய்மார் சொல்வது ஹெபடைடிஸ் பி ஊசியை. 2017 ஓகஸ்டில் இருந்து பிரிட்டனில் பிறந்த பிள்ளைகளுக்கு அது மற்ற ஊசிகளோடு சேர்ந்தே போகிறது. பி இரத்தத்தால் வருவது, ஏ வாயால் வருவது. ஒன்று மற்றதைக் காக்காது. அப்புறம் மஞ்சட் காய்ச்சல் ஊசி என்று ஒன்று. அது நுளம்பால் ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் பரவும் வேறு நோய். லண்டனில் இருந்து நேரே இங்கே வருபவருக்கு அது தேவையே இல்லை.

உங்களுக்கு என்று கேட்டீர்கள். இரத்தத்தில் பழைய எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பரிசோதிக்கலாம். ஆனால் அதற்கு அலைவதைவிட ஊசியைப் போட்டுக்கொள்வது சுகம். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறவருக்குப் போட்டாலும் கெடுதல் இல்லை. கணவருக்கு ஈரலில் கொழுப்பு இருக்கிறது என்று எப்போதாவது ஸ்கேனில் சொல்லியிருந்தால், அல்லது குடிப் பழக்கம் இருந்தால், அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பழுதான ஈரலில் இந்த நோய் ஏறினால் ஆபத்து பல மடங்கு.

ஊசி போட்டாலும் தண்ணீரில் கவனம் வேண்டும். ஹெபடைடிஸ் ஈ என்று இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான். அதே தண்ணீர் வழியில் வருவான், பிரிட்டனிலும் இங்கேயும் அதற்கு ஊசி கிடையாது. கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், உயிருக்கே ஆபத்தானவன். டைபாய்ட் ஊசியும் முழுக் காவல் இல்லை.

தண்ணீர் கொதித்து, குமிழி பொங்கி ஒரு நிமிஷம் நின்றால் இந்தக் கிருமிகள் செத்துவிடும். மெழுகுதிரி மாதிரி வடிகட்டி வைத்த சாதாரணப் பில்டர் போதாது. வைரஸ் அவ்வளவு சின்னது, அதற்குள்ளால் போய்விடும். ஐஸ் கிருமியைக் கொல்லாது, பத்திரமாக வைத்திருக்கும். கன்னியாவில் குளிப்பீர்கள், பிள்ளைகள் அந்தத் தண்ணீரை வாயில் எடுத்துக் கொப்பளிக்காமல் பாருங்கள். வெந்நீர்க் கிணறு என்று பெயரே தவிர அது மேலுக்குச் சுகமான சூடு, கிருமி சாகும் சூடு இல்லை.

சாப்பாட்டில் ஒரே விதி, ஆவி பறக்கச் சாப்பிடுங்கள். கல்லில் கொத்திக் கொடுக்கும் கொத்து ரொட்டிக்கு நான் பயப்பட மாட்டேன், அதன் ஓரத்தில் வைக்கும் பச்சை வெங்காயச் சம்பலுக்குப் பயப்படுவேன். சுட்ட பிறகு கை படுவதும், சுடாமலே கை படுவதும்தான் கிருமி வரும் வழி. இளநீரை உங்கள் கண் முன்னே சீவச் சொல்லி அப்படியே குடியுங்கள். மாம்பழத்தை நீங்களே கழுவி நீங்களே தோல் சீவுங்கள், கடற்கரையில் வெட்டி மிளகாய்த்தூள் போட்டு வைத்ததை விடுங்கள். பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள்.

மட்டிக் கறி ஆசைப்பட்டால் அம்மாவையே வைக்கச் சொல்லுங்கள், ஓடு திறந்ததும் இறக்காமல் இன்னும் சில நிமிஷம் நன்றாகக் கொதிக்க விட வேண்டும். மட்டியும் சிப்பியும் கடல் தண்ணீரை வடித்துச் சாப்பிடும் உயிர்கள், தண்ணீரில் கலந்த மலக் கிருமி அவற்றின் வயிற்றில் சேர்ந்துகொண்டே போகும். 1988இல் சீனாவின் ஷாங்காய் நகரத்தில் அரைவேக்காட்டு மட்டி சாப்பிட்டு ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் இந்த நோயில் விழுந்தார்கள்.

கை கழுவுவது சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும். கைப்பையில் வைத்திருக்கும் சானிடைசரை இந்த வைரஸ் அவ்வளவாக மதிக்காது.

இப்போது நாட்களைக் கணக்குப் பாருங்கள். ஓகஸ்ட் 10ஆம் திகதி ஒரு வீட்டில் தொற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 நாள் கூட்டினால் செப்டெம்பர் 7. அப்போது நீங்கள் லண்டனில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். செப்டெம்பர் கடைசி வரைக்கும்கூட வரலாம். காய்ச்சல், சத்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, வலது விலாவுக்குக் கீழே நோ, சிறுநீர் பிளேன்டீ நிறம், மலம் வெளிறிப் போதல் என்று கண்டால் உடனே டொக்டரிடம் போய், "திருகோணமலைக்குப் போய் வந்தோம்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். அங்குள்ளவர்கள் புளூ என்று அனுப்பிவிடாமல் இருக்க அந்த ஒரு வசனம் போதும். இரத்தத்தில் புதிதாகத் தொற்றியதைக் காட்டும் ஐ.ஜி.எம். பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். கண் மஞ்சளாகி ஏழு நாள் வரை பள்ளிக்கூடம், வேலை வேண்டாம், மற்றவர்களுக்குச் சமைக்கவும் வேண்டாம்.

வந்துவிட்டால் இதற்கென்று தனி மருந்து இல்லை. ஓய்வு, நீராகாரம், பிடித்த சாப்பாடு. அனேகமானோர் ஒன்றிரண்டு மாதத்தில் முழுதாகத் தேறிவிடுவார்கள். பத்தில் ஒருவருக்குச் சுகமாகி வரும்போது ஒருமுறை திரும்ப எழும்பும், அதுவும் போய்விடும். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பது பற்றிக் கட்டாயம் அம்மா சொல்லுவா. கீழ்க்காய்நெல்லி குடித்தவரும் சுகமாவார், குடிக்காதவரும் சுகமாவார், ஏனென்றால் இது தானாகவே மாறும் நோய். இதில் நான் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று, காய்ச்சல் விடவில்லை என்று பனடோலை அள்ளிப் போடுவது. வீங்கிய ஈரலுக்கு அது நஞ்சு, டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். மற்றது, பெயர் தெரியாத தூள், குளிசை. சாராயத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. நோயாளி நித்திரை மயக்கத்தில் உளறினாலோ, ஆளை மட்டுக்கட்டாமல் விட்டாலோ, பல் முரசில் இருந்து இரத்தம் வந்தாலோ, சத்தி நிற்காவிட்டாலோ ஒரு மணித்தியாலமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஈரல் கைவிடுகிறது என்று அர்த்தம். அது அபூர்வம், ஆனால் நான் ஒரு முப்பத்தெட்டு வயதுக்காரரின் வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். நாட்டு மருந்து, பார்வை பார்ப்பது என்று ஐந்து நாள் போய்விட்டிருந்தது.

மலேரியாக் குளிசை வேண்டுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வேண்டாம், இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. டெங்கு இருக்கிறது, பகலிலும் நுளம்புக்குப் பூசுவதைப் பூசுங்கள். தெருநாய் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக அம்மாவின் கிணறு. நீங்கள் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போன் பண்ணி, அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கிணற்றுக்குக் குளோரின் போடுவதைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவே ஐம்பது அடியாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து. எங்கள் மண் மணல், இதில் தண்ணீர் வேலி பார்த்து ஓடாது. குளோரின் போட்ட அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் மணக்கும். அதைப் பற்றி அம்மா குறை சொன்னால், பேரப்பிள்ளைகள் வரும் வரைக்கும் பொறுத்துக்கொள்ளட்டும்.